ஒதுங்கும் வீட்டில் குஞ்சுப் பெட்டி

கோழிக்குஞ்சு வளர்ப்பதைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் சொல்ல ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் குரல் ஏறிவிடுகிறது என்று என் மகள் குறைப்படுகிறாள். "அவங்க குஞ்சைப் பத்தித்தானம்மா கேட்டாங்க, எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்பாள். கத்தத்தான் செய்வேன். குஞ்சுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தாலே எனக்கு அந்த மார்கழி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. கோபத்தை எடுத்துவிட்டுச் சூட்டை மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் நாயுடுபுரத்தில் பிறந்தவள். அப்பா ஒரு பங்களாவில் தோட்டக்காரர். அந்தப் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அம்மா, முட்டைக்காக வெள்ளைக் கோழிகள் வளர்த்தாள். அந்தச் சாதிக் கோழி முட்டையிடும், அடைகாக்காது. அதனால் மெஷினில் பொரித்த குஞ்சுகளைக் கீழ்நாட்டிலிருந்து அட்டைப்பெட்டியில் வரவழைப்பாள். தாய் இல்லாத குஞ்சுகள். கொடைக்கானல் குளிருக்கு அவற்றைப் பிழைக்க வைப்பது சின்ன வேலை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் சோலி.

தாய்க்குப் பதிலாகக் குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற பெட்டிக்குப் புரூடர் என்று பெயர், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு பழைய தேயிலைப் பெட்டி. நடுவில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், மேலும் கீழும் வெட்டி எடுத்தது. தகரத்துக்குள் ஒரு லாந்தர். தகரத்தைச் சுற்றிக் குஞ்சுகள். தகரம் பெட்டிக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லாந்தர் புகை குஞ்சுப் பக்கம் இறங்கிவிடும். மேலே சாக்கு போட்டு மூடி, ஒரு மூலையை மட்டும் மடித்துவிட வேண்டும். அவ்வளவுதான். திரியை எவ்வளவு ஏற்றுவது என்று குஞ்சுகளே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தகரத்தை ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. வாயைப் பிளந்துகொண்டு பெட்டியின் ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். தூவிவிட்ட தானியம் போல அங்கங்கே பரவிப் படுத்து, தொண்டைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மனசு அடங்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னை மேல்மலைக் கிராமம் ஒன்றில் கட்டிக்கொடுத்தார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். மாமனார், மாமியார், என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி, அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள். பூண்டு மூட்டை ஏற்ற வருகிற லாரியில்தான் நான் புகுந்த வீட்டுக்குப் போனேன். சீர்வரிசையோடு ஒரு தேயிலைப் பெட்டியும், தகரமும், லாந்தரும் போவதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வீட்டில் எல்லாம் அவர்களுடையது. நிலம், பூண்டு, அடுப்பு, நான் தூங்கும் பாய் வரைக்கும். என்னுடையது என்று சொல்ல எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

அந்த மலை வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டிப் பரணில் தொங்கவிடுவார்கள். கீழே அடுப்பு எரிய எரிய, புகை மேலே போய்ப் பூண்டைக் கெடாமல் வைத்திருக்கும். அடுத்த நடவு வரை புழு வராது, முளை போகாது. அந்த வீட்டில் பரணைவிடப் பத்திரமான இடம் கிடையாது. நல்ல விதை எல்லாம் அங்கேதான் ஏறும். இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பூண்டின் வாசமே வேறு.

ஊருக்குக் கீழே, ஓடையை ஒட்டி, இன்னொரு வீடு இருந்தது. வீடு என்று சொல்வது மரியாதைக்கு. கல்லும் மண்ணும் வைத்த நாலு சுவர், மேலே புல்லுக் கூரை. பெண்கள் தூரமானால் அங்கே போய் இருந்துவிட்டு, குளித்துத்தான் வீட்டுக்கு வர வேண்டும். பிள்ளை பெற்றாலும் அங்கேதான், தீட்டுக் கழிகிற வரைக்கும். அங்கே இருக்கிற பாயும் கம்பளியும் அங்கேயே கிடக்கும். சாப்பாட்டை யாராவது கொண்டுவந்து ஒரு பாறைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். வீட்டு அடுப்பு நெருப்பு அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. வீட்டுக் கம்பளியும் போகக்கூடாது. நாயுடுபுரத்தில் நாங்கள் அந்த நாட்களில் அடுப்பங்கரைக்குள் போகமாட்டோம், அதோடு சரி. இங்கே வந்துதான், ஒரு மனுஷியை மாதா மாதம் பனியில் கொண்டுபோய் வைக்கிற வித்தையைப் பார்த்தேன்.

கல்யாணமான வருஷமே கணவரை நச்சரித்துக் கொடைக்கானலிலிருந்து ஒரு கூடைக் குஞ்சு வாங்கிவரச் செய்தேன். அடுப்பங்கரை மூலையில் பெட்டியை வைத்தேன். குஞ்சுகள் நன்றாக இருந்தன. இறக்கையில் இறகு முளைக்க ஆரம்பித்த நேரத்தில் நான் ஓடையோரம் போக வேண்டியதாயிற்று. போகும்போது மாமியாரிடம் எல்லாம் சொன்னேன். திரி, சாக்கு, மூலை மடிப்பு, குஞ்சு மூழ்காமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல். கணவரையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் மாமியார் சாப்பாடு கொண்டுவந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை.

"குஞ்சு எப்படி இருக்குங்க அத்தை?"

"லாந்தர் அவிஞ்சு போச்சுத்தா. அதுக கத்துன கத்து காது கொள்ளல. பாவமேன்னு பரணுல ஏத்தி வச்சேன். பூண்டுக்குப் பக்கத்துல, நல்ல கதகதப்பா."

பரணில் சூடு இருக்கும். ஆனால் அடுப்புப் புகை முழுக்க அங்கேதான் போய் நிற்கும். பூண்டைப் பிழைக்க வைக்கிற புகை குஞ்சைப் பிழைக்க வைக்குமா? எல்லாம் மூச்சடைத்துச் செத்துப்போயிருந்தன என்று அடுத்துச் சொன்னாள். மாமியாரை நான் திட்டவில்லை. அவள் மனசில் பரணைவிட உசத்தியான இடம் இல்லை, அங்கே வைத்தாள். அவளுக்குத் தெரிந்த நல்லதைத்தான் செய்தாள். எனக்கு ஆத்திரமெல்லாம் என் கணவர்மேல். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற மனுஷன், அம்மா கூடையைத் தூக்கிப் பரணில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்திருக்கிறார். "ஏன் சொல்லலை?" என்று கேட்டால், "அம்மா செய்யுறப்ப என்னத்தச் சொல்ல?" என்றார். அந்தப் பதிலை நான் வாழ்நாள் முழுக்க வேறு வேறு விஷயத்துக்குக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதைவிட ஆத்திரம் இன்னொன்றின்மேல். நான் கூப்பிடுகிற தூரத்தில்தான் இருந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, கை கால் முடங்கவில்லை. எழுந்து போய் ஒரு திரியை ஏற்றிவிட்டு வந்திருந்தால் அத்தனையும் உயிரோடு இருந்திருக்கும். போகக்கூடாது. ஏன் என்று கேட்டால் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த மார்கழியில் அப்பா எனக்கு இன்னொரு கூடை குஞ்சு அனுப்பினார். என் நேரம், குஞ்சு வந்த கொஞ்ச நாளிலேயே ஓடையோரம் போக வேண்டிய முறையும் வந்தது. இந்தத் தடவை யாரிடமும் எதுவும் ஒப்படைக்கவில்லை. லாந்தரில் எண்ணெய் ஊற்றினேன். குஞ்சோடு பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"அது என்னத்தா, பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புற?" என்றாள் மாமியார்.

"குஞ்சு எங்கூட வருதுங்க அத்தை."

"அங்கன போன சாமான் வீட்டுக்குள்ள திரும்ப வரக்கூடாது. தெரியும்ல?"

"போன வருசம் வீட்டுக்குள்ளயே இருந்துச்சே, அது திரும்ப வந்துச்சுங்களா?"

மாமனார் வாசலில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நான் இறங்கிப் போய்விட்டேன்.

அந்த வீட்டில் எனக்கு முன்பே ஓர் ஆள் இருந்தாள். என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. மூன்றாவது பிரசவம், ஆண் பிள்ளை. பிறந்து தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. பழைய சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஈரச் சுள்ளியைப் பொறுக்கி மூன்று கல்லுக்கு நடுவே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். நெருப்பு வரவில்லை, புகைதான் வந்தது. நான் பெட்டியை இறக்கி, தகரத்தை நிமிர்த்தி, கொண்டுவந்திருந்த தீப்பெட்டியால் லாந்தரைப் பற்றவைத்து உள்ளே இறக்கினேன். தண்ணீர் வைத்தேன். கேழ்வரகுக் குருணை தூவினேன். கையைப் பின்புறமாகத் திருப்பிப் புறங்கையால் சூடு பார்த்தேன். எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏ புள்ள, கோழிக்குஞ்சுக்கு வெளக்கு ஏத்திக் கூட்டிட்டு வந்துருக்க" என்றாள். "நான் வந்து இத்தன நாளாச்சு, எனக்கு ஒரு காஞ்ச வெறகு தர ஆளில்ல."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தில் அறைந்தது போல இருந்தது. நான் கொண்டுவந்தது குஞ்சுக்கான சூடு. அங்கே ஒரு பச்சைப் பிள்ளை கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பையன் பிறந்தான் என்று ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்த வீடு அது. கற்கண்டு கொடுத்த கைகள்தான், ஒரு கொள்ளிக்கட்டையைக் கொடுத்தால் குடும்பம் அழிந்துபோகும் என்று பொத்திக்கொண்டு இருந்தன.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஓரகத்தி என்னை எழுப்பினாள். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. "பிள்ள பால் குடிக்க மாட்டேங்குது, பாரேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பிள்ளையின் காலைத் தொட்டேன். கல்லைத் தொட்டது போல இருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. அழக்கூட இல்லை. குளிர்ந்த குஞ்சு முதலில் கத்தும். கத்துவதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கல்லை எடுத்துப் பெட்டியின் ஒரு பக்கப் பலகையை உடைத்துப் பிடுங்கினேன். குஞ்சுகளை மறுபக்கம் ஒதுக்கிச் சாக்கை மறைப்பாகத் தொங்கவிட்டேன். "அக்கா, தகரத்த ஒட்டி உக்காருங்க. பிள்ளைய மேலோடு சேத்து அணைச்சு, அதோட முதுகத் தகரத்துப் பக்கம் காட்டுங்க" என்றேன். திரியை ஏற்றினேன். நான் போர்த்தியிருந்த அந்த வீட்டுக் கம்பளியையும் அவள்மேல் போர்த்தினேன். தகரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் என் புறங்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று. ஒரே லாந்தருக்கு அந்தப் பக்கம் குஞ்சு, இந்தப் பக்கம் பிள்ளை. வெயில் வந்து ஓடையில் பனி கலைகிற நேரத்தில் அது முனக ஆரம்பித்தது. அப்புறம் பால் குடித்தது. ஓரகத்தி சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மாமியார் சாப்பாடு கொண்டுவந்து பாறையில் வைத்ததும் நான் வெளியே வந்தேன்.

"அத்தை, பிள்ளை வெறச்சுப் போச்சுங்க. கொஞ்சம் தணலும் ரெண்டு கம்பளியும் வேணும். வெரசா குடுத்து விடுங்க."

"அடுப்பு நெருப்பு அங்கன வரக்கூடாதுத்தா. நானும் அங்கனதான் பெத்தேன். எல்லாம் பொழச்சுத்தான் கெடக்குதுக."

உள்ளேயிருந்து ஓரகத்தி கேட்டாள். "எல்லாமா பொழச்சுதுக, அத்தை?"

மாமியார் பழைய தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி மேட்டில் ஏறிப் போனாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் அந்த வீட்டிலிருந்து உயிரோடு வரவில்லை என்று பிறகு ஓரகத்தி சொன்னாள். தெரிந்தும் இப்படி ஒரு பேச்சு. எனக்கு அவள்மேல் பரிதாபமும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது.

மறுநாள் வெள்ளனே பாறைமேல் ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய் இருந்தது. என் கணவர் வைத்துவிட்டுப் போனது. யாரும் பார்க்காமல் வந்து, யாரும் பார்க்காமல் போயிருக்கிறார். அதை ஒரு பெரிய அன்பாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் சொல்லலாம். எண்ணெய் கொண்டுவரத் தெரிந்த ஆளுக்கு, வீட்டு நடுவில் நின்று இரண்டு வார்த்தை பேசத் தெரியவில்லை. விளக்கு எரிந்ததால் அந்த எண்ணெயை நான் திட்டவில்லை. அவரைத் திட்டினேன்.

இதற்கிடையில் ஊரில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் ஒரு ஓட்டல்காரருக்கு முட்டை கொடுப்பதாக மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்காமல்தான், கேட்பானேன். இப்போது கோழியாகப் போகிற குஞ்சுகள் தீட்டு வீட்டில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கலாமா? அந்தக் கோழி இடுகிற முட்டையைத் தொடலாமா? ஊர்ப் பெரியவர்கள் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடி உட்கார்ந்துவிட்டார்கள். மண்வெட்டியைத் தொட்டால் கை நோகும் என்று பூண்டுக் களையெடுப்பு முழுவதையும் பெண்கள் தலையில் கட்டுகிற பெரியவர்கள், ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெயில் காய்ந்துகொண்டு, ஒரு காலை முழுக்கக் கோழியின் தீட்டை ஆராய்ந்தார்கள்.

முடிவை மாமியார்தான் பாறைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். "றெக்க உள்ளதுக்குத் தீட்டு ஒட்டாதாம். பெட்டிக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு எடுத்துக்கிரலாம்னு சொல்லிட்டாக. மாமா வந்து வாங்கிக்கிருவாரு. வெளக்கையும் சேத்துக் குடுத்துரு, வீட்டுல அடுப்பு மூலைல வச்சுக்கிருவோம். பரணுல ஏத்த மாட்டேன்."

"பிள்ளையப் பத்தி எதும் பேசுனாகளா, அத்தை?"

"பிள்ளையப் பத்தி என்னத்தப் பேச?" என்றாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

அன்றைக்கு மதியம் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. மாமனார் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து பாறைக்கு மேலே நின்றார். நல்ல மனுஷன்தான் அவர். என்னை ஒரு நாளும் வாடி போடி என்று பேசியதில்லை. நான் தகரத்தையும் லாந்தரையும் ஓரகத்திக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, உடைந்த பக்கத்தைச் சாக்கால் இறுக்கிக் கட்டி, குஞ்சுகளோடு பெட்டியைக் கொண்டுபோய்ப் பாறையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி வந்தேன். அவர் பெட்டியின்மேல் தண்ணீர் தெளித்தார். குஞ்சின்மேல் படாமல் பார்த்துத்தான் தெளித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வெளக்கு எங்கத்தா?"

"பிள்ளைக்கு வேணும்ங்க மாமா."

"வெளக்கு இல்லாட்டி குஞ்சு செத்துப் போகும்னு நீதான சொல்லுவ."

"ஆமாங்க. செத்துத்தான் போகும். பிள்ளையும் அப்படித்தாங்க. குஞ்சுக்கு இல்லாத தீட்டு பிள்ளைக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு? குஞ்சோட சேத்து உங்க பேரனையும் தூக்கிட்டுப் போங்க. வெளக்கையும் தாரேன், தகரத்தையும் தாரேன்."

மாமனாரிடம் அந்த ஊரில் ஒரு பெண்ணும் அப்படிப் பேசியதில்லை. என் குஞ்சுகள் போனால் போகட்டும் என்று முடிவு செய்துதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். உள்ளே பிள்ளை அழுதது. நல்ல தெம்பான அழுகை. அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் தலை கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அந்தப் பையன் பிழைத்தான். தீட்டுக் கழிகிற வரைக்கும் லாந்தர் அவன் பக்கத்தில்தான் எரிந்தது. நான் குளித்து வீட்டுக்குப் போன பிறகும் அதை நான் கேட்டு வாங்கவில்லை. அவன் பிழைத்ததால்தான் இதைக் கோபமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்லவே வந்திருக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பாறையடியில் பார்த்ததை என்னால் செரிக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கப் போன மாமனார், பனி விழுவதைப் பார்த்து நிறுத்தினார். தோளில் கிடந்த தன் கம்பளியை எடுத்தார். அதைப் பெட்டிமேல் நாலு பக்கமும் இறங்கும்படி போர்த்தி, மூச்சுக்கு ஒரு மூலையை மட்டும் மடித்துவிட்டார். பிறகு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறும் சட்டையோடு, கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து மேட்டில் ஏறி வீட்டுக்குப் போனார்.